சிவப்புத் துணி கட்டிய கேன்

வினாகிரிப் போத்தலை யாராவது திறந்தால் மற்றவர்களுக்கு அச்சாறு நினைவுக்கு வரும். எனக்கு வருவது நிவித்திகலக் கடைவீதியில் இருந்த எங்கள் ஸ்டூடியோவின் இருட்டறையும், அதற்குள்ளிருந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வரும் ராணி அத்தையும்தான். அப்பா முன்னால் படம் பிடிப்பார், அவருடைய தங்கை பின்னால் கழுவுவார். அடையாள அட்டைக் காலம் வந்துவிட்டால் தோட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகள் தலையில் எண்ணெய் வழிய லொறியில் வந்து இறங்குவார்கள். அட்டைக்குக் கறுப்பு வெள்ளைப் படந்தான் வேண்டும் என்பதால் அத்தனை முகங்களும் அத்தையின் கைவழியாகத்தான் வெளிச்சத்துக்கு வரும்.

முகங்கள் வந்த பிறகு மிஞ்சுகிற தண்ணீரை என்ன செய்வது? எங்களுக்கு அதுதான் பெரிய கேள்வி. கடைக்குப் பின்னால் நிலம் சரிந்து இறங்கும். சரிவின் அடியில் கிணறு. கடையின் சொந்தக்காரரான சிங்களவர் பண்டா மாத்தயா வீடும், அதைத் தாண்டித் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துச் சனமும் அதில்தான் தண்ணீர் அள்ளினார்கள். கிணற்றில் ஒருநாள் மருந்து வாடை வந்தாலும் கடையைக் காலி பண்ண வேண்டும் என்பது மாத்தயா முதலிலேயே சொன்ன பேச்சு. அத்தைக்கு அந்த மிரட்டல் தேவைப்படவில்லை. "நம்ம குடிக்காத தண்ணிய அடுத்தவங்க பானையில ஊத்தக்கூடாது" என்பார். அவ்வளவுதான் அவருடைய சட்டம்.

படத்தை எழுப்புகிற மருந்து ஓய்ந்ததும் சாயத் தேநீர் நிறமாகிவிடும். அதற்கு வீட்டில் "தேத்தண்ணி" என்று பெயர். படத்தை அழியாமல் நிறுத்துகிற மருந்து வினாகிரி வாடை அடிக்கும். கடதாசியிலிருந்து வெள்ளி கரைந்து அதில் இறங்குவதால் அது "வெள்ளித்தண்ணி". இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் மூக்கை அறுக்கும், வெள்ளியும் சரியாகப் பிரியாது. ஆகவே தனித்தனிக் கேன். வெள்ளித்தண்ணிக்குள் சட்டி தேய்க்கும் இரும்பு நாரைப் போட்டு வைப்பார். வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் படியும், அதை வாங்க இரத்தினபுரியிலிருந்து ஆள் வரும். மிச்சத்தையும் தேத்தண்ணியையும், கொழும்பிலிருந்து மருந்து கொண்டுவரும் வேன்காரரிடம் பேசி, வெறுமனே திரும்புகிற வேனில் ஏற்றி, கழிவு எடுக்கிற பெரிய லேப் ஒன்றுக்கு அனுப்பிவிடுவார். யாரும் வந்து சோதிக்காத ஊரில் ஒரு மனுஷி இவ்வளவு மெனக்கெட்டார் என்பதை இன்று நினைத்தாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அத்தையும் அப்பாவும் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். அங்கே ரப்பர்ப் பால் உறைய ஊற்றும், வினாகிரி வாடை அடிக்கும் அசிட் கேனில், யாரும் தெரியாமல் குடித்துவிடக் கூடாதென்று சிவப்புத் துணி கட்டுவது வழக்கம். அத்தையும் அந்தப் பழக்கத்தில், தொடாதே என்று சொல்ல, வெள்ளித்தண்ணிக் கேனில் சிவப்புத் துணி கட்டிப் பின்வாசலில் வைத்திருந்தார்.

ஒரு போயா தினம், பௌர்ணமி விடுமுறை. கடைகள் பூட்டு, எங்கள் ஸ்டூடியோவும் பூட்டு. பண்டா மாத்தயாவின் சின்ன ரப்பர்த் தோட்டத்துப் பால் தட்டுகளில் காத்திருந்தது, அசிட் முடிந்துவிட்டது. எங்கள் பின்வாசலில் சிவப்புத் துணி, திறந்தால் வினாகிரி வாடை. அவருக்குச் சந்தேகமே வரவில்லை. நாளைக்கு வாங்கித் திருப்பிக் கொடுக்கலாம் என்று தூக்கிப் போய் ஊற்றினார். பாலும் நன்றாகவே உறைந்தது. ஷீட்டாக அழுத்திப் புகைவீட்டில் காயத் தொங்கவிட்ட பிறகுதான் அத்தனையும் கறுப்புத் திட்டுத்திட்டாக, மாட்டுக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. ஷீட் வாங்குகிறவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு ஷீட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாத்தயா வருவதை அப்பாதான் முதலில் பார்த்தார். நமக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடும்படி அத்தையிடம் முணுமுணுத்தார். கடை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு.

"நங்கி, ஒங்க அசிட் கெட்டுப்போன அசிட்டா?" என்றார் மாத்தயா. தங்கச்சி என்பதை அவர் நங்கி என்றுதான் சொல்வார்.

"அது அசிட் இல்ல மாத்தயா, படம் கழுவுன தண்ணி. கேக்காம எடுத்தது நீங்க. பேர் எழுதாம துணி கட்டி வச்சது நான். ரெண்டு பேருக்குமே தோட்டத்துப் புத்தி."

மாத்தயாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது; வரவில்லை. ஷீட்டின் கறுப்பை விரலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. பிறகு சரிவின் கீழே பார்த்தபடி, "அப்ப இது லிந்தவுக்குப் போயிருந்தா?" என்றார். கிணற்றுக்கு அவர் வாயில் எப்போதும் லிந்த என்றுதான் வரும்.

"போகக்கூடாதுன்னுதான் கேன்ல பிடிச்சு வச்சிருக்கேன்."

அப்பா மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. மாத்தயா ஷீட்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினார். அடுத்த வாரம், சிமெந்துத் தரை போட்ட தன் பழைய களஞ்சியத்தின் சாவியை ஆளிடம் கொடுத்தனுப்பினார். அத்தை கேன்களை அங்கே மாற்றி, தமிழில் பெயர் எழுதினார். அடியில் சிங்களத்தில் எழுதியது மாத்தயா. வெள்ளித்தண்ணிக் கேனில் மட்டும் பெயருக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: ரப்பருக்கு ஆகாது.

இப்போது நான் ஒரு கல்லூரி ஆய்வுகூடத்தில் கழிவுப் போத்தல்களுக்கு லேபல் ஒட்டுகிறேன். அமிலம், காரம், உலோகம் என்று நிறநிறமாக அச்சடித்து வருகிறது. நிறத்தை மட்டும் நம்பாமல் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதுவேன், தோழிகள் சிரிப்பார்கள். ஸ்டூடியோ இருந்த இடத்தில் கைபேசிக் கடை. இருட்டறைச் சுவரை இடித்துவிட்டார்கள், வினாகிரி வாடையும் போய்விட்டது. தெரியாத்தனமாக உறைந்த அந்த ஷீட்டுகளில் ஒன்று மாத்தயா வீட்டு வாசலில் கால்மிதியாக வெகுகாலம் கிடந்தது. போன முறை போனபோது அதுவும் இல்லை. கிணற்றடியில் மட்டும் லயத்துப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். ஒரு அக்கா வாளியைச் சாய்த்துக் கொடுத்தார். இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன்.