சுவாம்பிள்ளையும் கடுதாசி இல்லாத காரும்

சுவாம்பிள்ளையின் பெயரை அற்புதமலர் முதன்முதல் கேட்டது பலேர்மோவின் பல்லரோச் சந்தையில், கணவாய் மீன் பொறுக்கும்போது. பக்கத்தில் நின்ற றோசமலர்தான் சொன்னாள்.

“மெலிஞ்சிமுனைச் சவிரியானின்ரை மகன் சுவாம்பிள்ளை வந்து வேலை தேடுறான். துடைக்கிறதெண்டால் விசர் அவனுக்கு. போன கிழமை பிழையான வீட்டுக்குள்ளை போய், அதையும் கூட்டித் துடைச்சுப்போட்டு வந்தவனாம்.”

சவிரியானின் தமக்கையை அற்புதமலரின் சின்னையாவின் மைத்துனன் கட்டியிருந்தான். ஆகவே சொந்தம். அடுத்த திங்கட்கிழமையே, தான் சமைத்துவந்த வீட்டில் அவனைத் துப்புரவு வேலைக்குச் சேர்த்துவிட்டாள்.

அந்த வீட்டுக்காரி, சிஞ்ஞோரா, ஒரு விதவை. அவளுடைய கணவர் அமெரிக்காவில் உழைத்துத் திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்த கார் கீழே கராச்சில் நின்றது. அறுபத்தைந்தாம் ஆண்டுப் பொன்ரியாக் ஜீ.ரி.ஓ. நடுத்தரக் காருக்குள் பெரிய காரின் எஞ்சினை வைத்துக் கட்டிய சாதி. அந்த அளவுக் காருக்கு அவ்வளவு பெரிய எஞ்சின் கூடாது என்று முதலில் கொம்பனி மேலிடம் தடுத்திருந்ததாம். கீழே இருந்தவர்கள் அதை ‘மேலதிகச் சாமான்’ என்று தாளில் எழுதி உள்ளே விட்டுவிட்டார்களாம். அமெரிக்க இளவட்டங்கள் முண்டியடித்து வாங்கினார்கள். பலேர்மோவில் மட்டும் அதன் வீரம் செல்லவில்லை. ஒருமுறை கபோச் சந்தைக்குள் போய், கத்தரிக்காய்க் கடைக்கும் சுவருக்கும் நடுவில் இறுகியது. எட்டுப் பேர் பின்னுக்கு இழுத்து எடுத்தார்கள். அதன்பிறகு கராச்சுத்தான்.

தொண்ணூற்றைந்தில் சிஞ்ஞோரா முடிவாகச் சொன்னாள். கார் நல்ல விலைக்குப் போனால் ஒழுகுகிற கூரையைத் திருத்திக்கொண்டு இங்கேயே இருப்பாள். போகாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு மகளிடம் போய்விடுவாள். வீடு பூட்டினால் சுவாம்பிள்ளைக்கு வேலை இல்லை. வேலைக் கடிதம் இல்லாவிட்டால் இத்தாலியில் இருக்க விடுகிற பெர்மெசோக் கடுதாசியும் இல்லை.

பழைய கார் சேர்க்கும் மிலானோக்காரர் ஒருவர் பார்க்க வருகிறார் என்றதும் சுவாம்பிள்ளை கராச்சுக்குள் இறங்கினான். ஆள் வருகிற இடத்தில் தூசி கிடக்கலாமா? சீற்றைக் கழற்றி அடித்தான். எஞ்சினைச் சோடாத்தூள் போட்டு மூன்று நாள் உரஞ்சினான்.

“அக்கா, வந்து பாருங்கோ. எஞ்சினிலை சோறு போட்டுத் தின்னலாம்.”

“நீ தின்னு. எனக்குக் குசினியிலை வேலை கிடக்கு.”

மிலானோக்காரர் பொனற்றைத் திறந்தார். பிறகு தலையில் கைவைத்தார். முப்பது வருடத்துக்கு முன் தொழிற்சாலை ஆள் எஞ்சினில் சோக்கட்டியால் எழுதிய குறியைத் தேடித்தான் மனிதர் அவ்வளவு தூரம் வந்திருந்தார். அது போய்விட்டது. வெறும் காரில் ஜீ.ரி.ஓ. எழுத்தை ஒட்டி விற்கிற கள்ளர் மலிந்துவிட்டார்கள், அந்த வருடக் காரின் இலக்கத்தை வைத்து உண்மையைச் சொல்ல முடியாது, கடுதாசி ஏதும் உண்டா என்று கேட்டார். சிஞ்ஞோரா கையை விரித்தாள். அவர் புறப்படத் தொப்பியைக் கையில் எடுத்தார்.

கோப்பித் தட்டோடு நின்ற அற்புதமலரிடம் சுவாம்பிள்ளை குசுகுசுத்தான்.

“என்னவாம் அக்கா?”

“காருக்குப் பெர்மெசோ கேக்கிறார். இருந்த அடையாளத்தையும் நீ உரஞ்சிப்போட்டியாம்.”

“கடுதாசியோ? பின் சீற்றுக்குக் கீழை ஒண்டு கிடந்தது. வைச்சிருக்கிறன்.”

“ஊர்ப்பட்ட குப்பையை எறிஞ்சனி, அதை மட்டும் ஏன் வைச்சனி?”

“கடுதாசியை ஆரும் எறிவினமே அக்கா? நாளைக்குக் குவெஸ்தூராப் பொலிசிலை கேட்டால்?”

இத்தாலியில் இறங்கிய நாள் முதல் அவன் ஒரு தாளையும் எறிந்ததில்லை. சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்ரிக் பையை எடுத்துக் கோப்பித் தட்டில் கொட்டினான். பஸ் ரிக்கற், பல் வைத்தியர் துண்டு, அந்தோனியார் படம். கடைசியாக, எலி கடித்த மஞ்சள் தாள் ஒன்று. காரைக் கட்டும்போது என்னென்ன பூட்ட வேண்டும் என்று தொழிற்சாலையில் அடித்த தாள். காரின் இலக்கமும், ஜீ.ரி.ஓ. என்ற மேலதிகச் சாமானும் அதில் அப்படியே இருந்தன.

மிலானோக்காரர் அதை முழங்காலில் நின்று படித்தார். எழும்பி, பையில் வேறேதும் உண்டா என்று கேட்டார்.

“அந்தோனியாரைத் தரமாட்டன் எண்டு சொல்லுங்கோ அக்கா” என்றான் சுவாம்பிள்ளை.

சோக்கட்டிக் குறி அழிந்ததற்கு விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டுதான் காரை ஏற்றினார். கூரை திருந்தியது. அந்த வெள்ளிக்கிழமையே சிஞ்ஞோரா வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைத்தாள்.

சுவாம்பிள்ளை இப்போதும் அதே வீட்டில்தான் வேலை செய்கிறான். நகரின் சீசாப் பகுதியில், ஒரு மூன்றாம் மாடியில், பெண்சாதி மொனிகாவோடு இருக்கிறான்.