ஒத்துப்போன பக்கம்

கல்லூரியில் நான் பிரெஞ்சு எடுத்தது அந்த மொழிமேல் ஆசைப்பட்டு அல்ல. மார்க்கை அள்ளிப் போடுவார்கள் என்றார்கள், எடுத்தேன். ராஜபாளையத்தில் ஒரு மாடி அலுவலகத்தில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அதுதான். ஹைட்டி நாடு அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு பிறந்த காலத்துக் கடிதங்களும் அரசாங்கக் காகிதங்களும் கணினியில் படமாக வரும். அவற்றைப் பார்த்துப் பார்த்து டைப் அடிக்க வேண்டும்.

ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். இன்னொருவர் யார் என்று சொல்ல மாட்டார்கள். இரண்டும் ஒத்துப்போனால் பக்கம் வெளிநாட்டுக்குப் போய்விடும். ஒத்துப்போகாவிட்டால் இருவர் பேரிலும் பிழை விழும். படிக்க முடியாத சொல்லுக்குக் கேள்விக்குறி போடலாம்.

அன்று வந்தது ஒரு தாயின் மனு. விடுதலைக்கு முன்பே பழைய எசமான் அவள் மகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோயிருந்தான். தேடித் தரும்படி புதிய அதிகாரியைக் கெஞ்சி, யாரையோ எழுதவைத்து, கீழே கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கீறல் போட்டிருந்தாள். மகளின் பேர் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது, அதிலும் மை ஊறியிருந்தது. உற்றுப் பார்த்தால் படிக்கலாம். நான் படித்தேன். ஆனால் இன்னொருவர் புரியாமல் கேள்விக்குறி போட்டுவிட்டால் எனக்குமல்லவா பிழை விழும்? கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில், என்னோடு வேலை பார்ப்பவள் கேட்டாள்:

"ஏட்டி, மகளைத் தேடுற அந்தம்மா லெட்டர் ஒனக்கும் வந்துச்சா?"

"வந்துச்சு. பேரு தெரிஞ்சுச்சா ஒனக்கு?"

"நல்லாத் தெரிஞ்சுச்சு. இன்னொரு ஆளு கேள்விக்குறிதான் போடுவாகன்னு நெனச்சு நானும் அதையே போட்டுட்டேன்."

நான் அந்தப் பேரைச் சொன்னேன். அவளும் அதையேதான் படித்திருந்தாள்.

மறுநாள் காலையில் சேர்ந்துபோய் மேலாளரிடம் சொன்னோம். திரையில் தேடிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒண்ணுபோலத்தான போட்டிருக்கீங்க? பொறவு என்னம்மா? பக்கம் போயாச்சு, இனித் திறக்க முடியாது. போயி வேலையப் பாருங்க."

பிழையே இல்லாத பக்கம் என்று எங்கள் இருவர் பேரிலும் பதிவாகியிருந்தது. இருவருமே பெண்பிள்ளை பெற்றவர்கள். இனி அந்த மனுவைத் தேடிப் படிக்கிற எவருக்கும் அந்த மகள் வெறும் கேள்விக்குறிதான். ஒரு தாய் எங்களிடம் வந்து பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் கேட்டாள். காதில் விழுந்தும் விழவில்லை என்று இருவரும் சொல்லிவிட்டோம்.