முப்பத்திரண்டாம் அத்தியாயத்துச் சிவப்பு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வீட்டில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அலுவலகத்தில் சொல்லாமல் சிரிப்பார்கள். தினமும் காலையில் கோவில்பட்டியில் பஸ் ஏறி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்குப் போய், ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள் நான். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் சரக்குக்காகச் சுங்கத்துறைக்குக் கொடுக்கவேண்டிய காகிதங்களைத் தயார் செய்வது என் வேலை. கூட இருப்பவர்கள் மரம், இயந்திரம், முந்திரிக்கொட்டை என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டார்கள். நிறங்கள் என் தலையில் விழுந்தன.

சுங்கத் தீர்வைப் புத்தகத்தில் நிறங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. முப்பத்திரண்டாவது. சாயம், பெயின்ட், மை எல்லாம் அதற்குள் வந்துவிடும். வெறும் சாயமாக வந்தால் ஓர் எண். பெயின்ட் செய்யத் தோதாக எண்ணெயில் குழைத்து வந்தால் வேறு எண். படம் வரைகிறவர்களுக்கென்று சின்னச் சின்ன ட்யூபில் அடைத்து வந்தால் அதற்கொன்று. அச்சு மையில் கறுப்புக்கு மட்டும் தனி எண். மற்ற நிறங்களெல்லாம் ஒரே கும்பலில் நிற்கவேண்டும். கரிசல் மண்ணில் பிறந்தவளுக்கு அதை முதலில் படித்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எண் மாறினால் தீர்வை மாறும், கேட்கிற சான்றுகளும் மாறும். தடை செய்த சாயம் எதுவும் இதில் இல்லை என்று ஒரு சான்று, எப்படிப் பத்திரமாகக் கையாளவேண்டும் என்று ஒரு தாள், சரக்கு பொடியா குழம்பா, எதில் கரைத்தது என்று இன்னொரு தாள். இதில் ஒன்று பிசகினாலும் சரக்கு துறைமுக யார்டிலேயே கிடக்கும்.

இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆளும், என்னை மிகவும் கோபப்படுத்திய ஆளும் ஒருவர்தான். எங்கள் ஊர்ப்பக்கம் தீப்பெட்டி ஆலை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. குச்சி முனையில் இருக்கிற சிவப்புக்கான சாயத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பார். ஒவ்வொரு தடவையும் போனில் ஒரே கச்சேரிதான்.

"என்ன கலர் அண்ணாச்சி?"

"செவப்புதான் தாயி."

"செவப்புன்னா எந்தச் செவப்பு? ஒரு நம்பர் குடுத்திருப்பாங்கல்லா?"

"நம்பரு என்னத்துக்கு? சம்பா மொளகா வத்தலு காயப்போட்டு மூணாம் நாளு ஒரு நெறம் நிக்கும்லா, அது."

"வத்தல்னு போட்டா ஒம்பதாம் அத்தியாயத்துக்குப் போயிரும் அண்ணாச்சி. பொறவு மசாலா சாமான்னு வந்து நிப்பாங்க."

அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வந்துவிடும், ஆனால் காட்டிக்கொள்ளமாட்டேன். அடுத்த வாரம் நேரில் வரும்போது கடம்பூர்ப் போளி ஒரு பெட்டி மேஜைமேல் இருக்கும். அதைத் தின்றுகொண்டே அவரைத் திட்டுவது எங்கள் வழக்கம்.

அந்தத் தடவை அவர் போன் செய்தபோது நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். "இந்தத் தடவை கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கேன் தாயி. பேப்பர்ல இருக்கும், பாத்துக்கிடுங்க" என்றார். நடத்துனர் டிக்கெட் கேட்டார். "சரி சரி" என்று வைத்துவிட்டேன். வத்தலுக்குப் பதில் மாதுளம்பழம் என்று ஏதாவது சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அலுவலகம் போனதும் போன தடவைப் பத்திரத்தை எடுத்து, தேதியையும் எடையையும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே விட்டு அனுப்பினேன். 'சாயம், பொடி வடிவில்' என்ற வரியும் அப்படியே போனது.

யார்டில் அதிகாரிகள் சோதனைக்கு ஒரு டிரம்மைத் திறந்தார்கள். உள்ளே பொடி இல்லை. கெட்டியான சிவப்புக் குழம்பு.

பொடி என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் குழம்பு கொண்டுவந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? வேறு எண்ணில் போகவேண்டியதை இந்த எண்ணில் நுழைக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். எண்ணெயில் குழைத்ததா, தண்ணீரில் குழைத்ததா என்று பார்க்க மாதிரி எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். சரக்கு நின்றது. ஆலையில் இருந்த சாயம் அந்த வாரத்துக்கு மட்டும்தான் காணும். அதற்குப் பிறகு அங்கே வேலை பார்க்கும் அத்தனை பெண்களுக்கும் வேலை இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பவேண்டியதுதான். அதைவிடப் பெரிய விஷயம், இத்தனை வருஷத்தில் அண்ணாச்சி கொடுத்த காகிதத்தில் ஒரு பொய் என்று யாரும் சொன்னதில்லை. ஒரு தடவை அப்படிப் பதிவாகிவிட்டால் இனி அவர் பெயரில் வருகிற ஒவ்வொரு பெட்டியையும் உடைத்துப் பார்ப்பார்கள்.

எனக்கு வந்த கோபம் சாதாரணமானதில்லை. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் கிழித்துவிடுவது என்று கோப்பை எடுத்துப் புரட்டினேன். சப்ளையர் அனுப்பிய தாளில், இரண்டாவது வரியில், தடித்த எழுத்தில் இருந்தது: பேஸ்ட். பக்கத்திலேயே, தண்ணீரில் குழைத்தது என்றும் இருந்தது. அந்தத் தாளை ஸ்கேன் செய்து ஏற்றியதே நான்தான். ஏற்றினேனே தவிரப் படிக்கவில்லை. தண்ணீரில் குழைத்தது என்பதால் எண்கூட மாறியிருக்காது. ஒரே ஒரு சொல்லை மாற்றி எழுதியிருந்தால் போதும்.

கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் கோப்பை மூடிவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பயமாக இருந்தது என்பதுதான் நிஜம்.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சியை வரச்சொன்னார்கள். நானும் போனேன். யார்டு வாசலில் காவலாளி அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். "இது உள்ள போகக் கூடாது."

"ஐயா, கலரைக் காட்டத்தான் கொண்டாந்தேன். இது எங்க தீப்பெட்டி."

"யார் தீப்பெட்டியா இருந்தாலும் பத்தத்தானே செய்யும்?"

 காலம் பூராவும் தீப்பெட்டி செய்தவர், அதை வாசலில் கொடுத்துவிட்டு வெறும் பையோடு உள்ளே வந்தார். வேறு நாளாக இருந்தால் ஒரு மாதம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

அதிகாரி வெளியூர்க்காரர், இளவயசு, குரலை உயர்த்தாதவர். எங்கள் பத்திரத்தையும் டிரம்மைத் திறந்து பார்த்து எழுதிய குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இத்தனை வருஷம் பொடி. இப்ப திடீர்னு பேஸ்ட். அதையும் மறைச்சுப் பொடின்னே எழுதியிருக்கீங்க. ஏன் சார்?"

அண்ணாச்சி மேஜையைப் பார்த்தபடி இருந்தார். "தப்பு எங்க பக்கந்தான்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. போனில் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை. அவர் பேசாமல் இருக்க இருக்க அது திருட்டு முழி மாதிரியே தெரிந்தது. அதிகாரி பேனாவை எடுத்தார்.

"சார், அவர் மறைக்கலை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொன்னேன். "அவர் என்கிட்ட சொன்னார். சப்ளையர் பேப்பர்லயும் இருக்கு, நானே ஏத்தியிருக்கேன், பாருங்க. நான் படிக்காமப் பழைய பத்திரத்தைப் பாத்து எழுதிட்டேன். தப்பு என்னுது."

அவர் திரையில் அந்தத் தாளைத் திறந்து படித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தேவைதான். "சரி. ஆனா ஏன் மாத்தினீங்கன்னு இன்னும் சொல்லலையே சார். பொடியை விட இது விலை கூட. கூடக் கொடுத்து எதுக்கு வாங்கணும்?"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறந்துவிட்டதால் அவரும் திறக்கவேண்டியதாகிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

"எங்க ஆலையில கலர் நிறுக்க ஒரு பொம்பள இருக்கா சார். ரொம்ப வருசமா அவதான். என் மகன் கல்யாணத்துக்கு வந்தா, ஆனா பந்தியில உக்காரல. வயிறு சரியில்லன்னுட்டுப் போயிட்டா. பொறவுதான் கேள்விப்பட்டேன், அவ யார் வீட்டு விசேசத்துலயும் கை நனைக்கிறதில்லையாம். கையெல்லாம் செவப்பு. பக்கத்துல உக்காந்து சாப்பிடுதவ அந்தக் கையவே பாப்பா. பொடின்னா பறக்கும் சார். கைக்கு உறை குடுத்தேன், வேர்த்து உள்ள இறங்கிருது. எந்தச் சோப்புக்கும் போவாது. கொழம்பா வந்தா கரண்டியால அள்ளி வச்சுக்கிடலாம்லா? அதான் கேட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "இத எப்படி ஆபீசுல சொல்லுததுன்னு இருந்துச்சு. பேப்பர்ல வந்துச்சுன்னா அவளுக்குச் சங்கட்டம்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "அவ்வளவு எழுதவேண்டாம் சார். தூசி பறக்காம இருக்கன்னு எழுதிக் கொடுங்க, போதும்" என்றார்.

சோதனை முடிவு வந்தது. தண்ணீரில் குழைத்ததுதான், எண்ணும் அதேதான். எழுதும்போது நேர்ந்த பிழைக்கு எங்கள் அலுவலகத்தின் பெயரில் ஒரு விளக்கக் கடிதம், பத்திரத்தில் ஒரு திருத்தம். என் முதலாளி என்னிடம் சொல்லவேண்டியதைச் சொன்னார், நான் கேட்கவேண்டியதைக் கேட்டுக்கொண்டேன். ஆலையில் சாயம் தீர்வதற்கு முந்தின நாள் லாரி போய்ச் சேர்ந்தது. வாசலில் காவலாளி தீப்பெட்டியை மறக்காமல் திருப்பிக் கொடுத்ததாக அண்ணாச்சி சொன்னார். எண்ணிப் பார்த்தாராம், நாலு குச்சி குறைந்ததாம்.

அந்த வருஷம் மழை பெய்து, காட்டில் உளுந்து எடுத்து முடித்த சமயம், அண்ணாச்சி பேத்திக்குக் காதுகுத்து. போயிருந்தேன். பந்தியில் என் பக்கத்து இலை காலியாக இருந்தது. பச்சைச் சேலை கட்டிய ஓர் அக்கா வந்து, கொஞ்சம் தயங்கி, உட்கார்ந்தார். நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. இலையில் தண்ணீர் தெளித்தபோதுதான் பார்த்தேன். கை கை மாதிரிதான் இருந்தது. நகத்தைச் சுற்றி மட்டும் மெல்லிசாய்ச் சிவப்பு. பார்க்கக் கூடாது என்று என் இலையைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"நீங்கதானே தூத்துக்குடியில பேப்பர் எழுதுதீங்க?" என்று கேட்டார். "அண்ணாச்சி சொன்னாவ, ரொம்பக் கோவக்காரின்னு."

"அவிய எல்லாத்தையும் சொல்லுவாவ" என்றேன். வேறு என்ன அவரிடம் சொல்லியிருக்கிறார், என்ன சொல்லவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

சாம்பார் முடிந்து ரசம் வந்தது. பரிமாறுகிறவர் இலைமேல் வாளியைச் சாய்க்கப் போனார். "சோத்துல வேண்டாம், இங்கன ஊத்துங்க" என்று அக்கா வலது கையைக் குழித்து, பந்தி முழுக்கப் பார்க்கும்படி நீட்டினார். ஊற்றிய ரசத்தை உறிஞ்சிக் குடித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது; மிளகுக் காரம் என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா கையை மறுபடியும் நீட்டினார். "இன்னும் கொஞ்சம்."