இன்னிக்கி மட்டும்

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பொய்தான். சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "இன்னிக்கி மட்டும்" என்பார். மறுநாளும் அதையே சொல்வார். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில் கிழமை மாறும், அந்தச் சொல் மாறாது.

ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் குடியைத் தொடமாட்டார். தெருவே அவரைச் 'சாமி' என்று கூப்பிடும். மாலையைக் கழற்றிய அன்று சாமி மலையேறிவிடும். வருஷம் பூராவும் மாலையோடு இருந்தால் என்ன என்று நான் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.

கல்லீரல் கெட்டுப்போய் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் வாராவாரம் கூடுகிறார்கள், குடும்பத்தோடும் போகலாம் என்றார். கடலூரிலேயே அப்படி ஒன்று இருந்தது. "தெரிஞ்சவன் எவனாவது பாத்தா மானம் பூடும்" என்று அப்பா மறுத்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் அவர் விழுந்து கிடந்ததை ஊரே பார்த்திருந்தது. அப்போதெல்லாம் போகாத மானம் திருந்தப் போனால் போய்விடுமாம். அதனால் சிதம்பரம் என்று முடிவாயிற்று.

கிளம்பும்போது அம்மா என் பள்ளிக்கூடப் பையையும் எடுத்துக்கொண்டாள். "இதுவும் நடக்கலன்னா அங்கேருந்தே பண்ருட்டி பஸ் ஏறிடுவேன். அண்ணாகிராமத்துல எங்கம்மா வூட்டுல பொண்ண வளத்துக்குறேன்" என்று அப்பாவிடம் சொன்னாள். எனக்கு அப்பா வேண்டும். குடித்துவிட்டு வந்தாலும் வேண்டும். பஸ் முழுக்க அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். முந்தின நாளிலிருந்து குடிக்காததால் அவர் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் அவர் வெளியே பார்த்தார், அம்மா அவரைப் பார்த்தாள்.

கூட்டம் நடப்பது ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் என்பது அம்மாவுக்கு நினைவிருந்தது, எந்தப் பள்ளிக்கூடம் என்பது மறந்துவிட்டது. சிதம்பரத்தில் இறங்கி வாழைப்பழக் கடைக்காரரிடம், "இங்க மீட்டிங் எங்கங்க நடக்குது?" என்று கேட்டாள்.

"எந்த மீட்டிங்கும்மா?"

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அதாங்க… ஆம்பளைங்கல்லாம் வருவாங்களே" என்று இழுத்தாள். அவர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். புரிந்துகொண்ட முகத்தோடு கீழ வீதிப் பக்கம் கையைக் காட்டினார்.

அங்கே கொடியும் தோரணமுமாக ஒரு கட்சிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. லாரி லாரியாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். மேடைக்குப் பின்னால் ஒரு கரைவேட்டிக்காரர், "வா மச்சான், லேட்டா வர்றியே" என்று முன்பின் தெரியாத அப்பாவை அழைத்து, ஒரு கையில் பிரியாணிப் பொட்டலத்தையும் மறு கையில் பாட்டிலையும் திணித்தார்.

அன்றைக்கு முதல் தடவையாக அப்பாவின் கை நடுங்குவது நின்றது.

அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். அப்பா பையைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். அப்புறம் கரைவேட்டிக்காரரிடம் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, குடிய வுடுறதுக்கு ஒரு மீட்டிங் நடக்குதாமே, அது எங்க?"

அவர் கடகடவென்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திவிட்டு பாட்டிலை அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். "அதுவா? மேல வீதி தாண்டுனா ஒரு பள்ளிக்கூடம். நானும் கொஞ்ச நாளு போனேன். சீக்கிரம் போ மச்சான், ஆரம்பிச்சிடுவாங்க." பிரியாணியை மட்டும் திரும்பக் கேட்கவில்லை.

மூன்று பேரும் ஓடாத குறையாக நடந்தோம். வகுப்பறையில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரிய ஆட்கள் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். பலகையில் யாரோ பெருக்கல் கணக்கை அழிக்காமல் விட்டிருந்தார்கள். ஒருவர் எழுந்து தன் பேரைச் சொல்லி, "நான் குடிநோயாளி. இன்னிக்கி மட்டும் குடிக்க மாட்டேன்" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். எனக்குப் பகீரென்றது. இவர்களும் அப்பா மாதிரிதானா?

கடைசியில் அப்பா எழுந்தார். பேரைச் சொன்னார். கை மறுபடியும் நடுங்கியது. "இன்னிக்கி மட்டும்…" என்றவருக்கு மேற்கொண்டு குரல் வரவில்லை.

இத்தனை தூரம் வந்து அதே பொய்! அதற்கு எல்லாரும் கை வேறு தட்டினார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். எல்லாம் முடிந்துபோயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் காலடியில் கிடந்த பையை எடுத்து நானே முதுகில் மாட்டிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் பண்ருட்டி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. நான் போய்ப் படியில் ஏறினேன். அம்மா பையைப் பிடித்து இழுத்து என்னை இறக்கினாள். பக்கத்து வண்டியில் அப்பா ஏற்கெனவே இடம் பிடித்து, மடியில் பிரியாணிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் வந்ததும் அம்மா, "கடலூரு, ரெண்டரை" என்றாள்.

அம்மா மறுபடியும் ஏமாந்துவிட்டாளே என்று வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.