அண்ணையின் கறுப்புத் திரை

வைகாசி விசாகத்துக்கு மறுநாள் அண்ணை நோர்வேயிலிருந்து வந்திறங்கினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், அண்ணி காலமாகிவிட்டார், இனி இணுவிலில் எங்களோடுதான் என்று முடிவெடுத்து வந்தவர். அவருடைய பெட்டியில் சொக்கிலேற்றுகளுக்கு மேலே தடித்த கறுப்புத் திரைச்சீலை ஒன்று இருந்தது. அவர் வாழ்ந்த வடநோர்வேயில் கோடையில் சூரியன் மறைவதே இல்லை. திரை இல்லாமல் அங்கே உறங்க முடியாது. வந்த அன்றே அதை மேல்மாடி அறையின் கிழக்கு யன்னலில் கொழுவிவிட்டார்.

நித்திரைதான் வரவில்லை. நேர மாற்றம், சில நாளில் சரியாகும் என்று நானும் சொன்னேன். ஆனி பிறந்தும் சரியாகவில்லை. இரவெல்லாம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். விடியும் நேரம் கண்ணயர்ந்து, நாங்கள் மத்தியானச் சோறு சாப்பிடும்போது தேத்தண்ணி கேட்டு இறங்கி வருவார். கண்கள் சிவந்து, முகம் வற்றிப் போயிருந்தது.

“எனக்கு இந்த ஊர் ஒத்துவரேல்லை, பிள்ளை. நோர்வேக்குத் திரும்ப ரிக்கற் போடப் போறன், ஒரு பெடியனிட்டைக் கேட்டிருக்கிறன். இப்பிடியே இருந்தா விசர்தான் பிடிக்கும்” என்றார் ஒருநாள்.

“ஊர் என்ன செய்தது? நீங்கள்தான் கரடி மாதிரிக் குகைக்குள்ளை கிடக்கிறியள்.”

“வெளிச்சம் பட்டா எனக்கு நித்திரை போயிடும்.”

“இப்ப மட்டும் கனக்க வருகுதோ?”

வாயால் அப்படிச் சொன்னாலும் போய்விடுவாரோ என்று பயந்தேன். எனக்கு இருக்கும் ஒரே கூடப்பிறப்பு அவர். இந்த வயதில் திரும்பிப் போனால் பிறகு வரமாட்டார்.

கோயில் கொடியேற்றத்துக்கு முன் வீடு கழுவி, துணியெல்லாம் துவைப்பது எங்கள் வழக்கம். கறுப்புத் திரையையும் கழற்றினேன்.

“அதைத் தொடாதை!”

“கொடியேறேக்குள்ளை வீட்டிலை ஊத்தைத் துணி தொங்கேலாது, அண்ணை.”

மற்றத் துணிகளோடு அதையும் சலவைச்சோடா போட்ட சுடுநீரில் ஊறவைத்தேன். அலசும்போது பார்த்தால் உட்புறத்து ரப்பர் பூச்சு தோல் தோலாக உரிந்து மிதந்தது. அண்ணை அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்; மறுபக்கம் தெரிந்தது.

மறுநாள் காலை வெயில் யன்னலால் நேரே அவர் முகத்தில் அடித்திருக்கிறது. “இனி எங்கை நித்திரை, கோயிலுக்குத்தான் போகவேணும்” என்று முணுமுணுத்தபடி இறங்கி வந்தார். வெறும் மேலுடன் கோயில் வீதியில் காலை வெளிச்சத்தில் பூசை முடியும்வரை நின்றார். அடுத்தடுத்த நாட்களும் அப்படியே போனார். இரவில் கொட்டாவி வரத் தொடங்கியது.

எப்போதோ படித்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது: உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் அது இருக்கும் ஊரின் நேரத்துக்குத் திரும்பும். இருட்டறையிலும் கைபேசி ஒளியிலும் அண்ணையின் கடிகாரம் நோர்வேயிலேயே நின்றுவிட்டிருக்கிறது. அதைச் சொன்னதும், இராச்சாப்பாட்டுக்குப் பிறகு கைபேசியைக் கீழேயே விட்டுப் போகச் சம்மதித்தார்.

தேர்த் திருவிழாவுக்கு முதல் நாள் விடியற்காலையில் குளித்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

“ரிக்கற் போடுற பெடியன் போன் எடுத்தால் வேண்டாமெண்டு சொல்லு.”

“ஏனாம்?”

“நான் ராத்திரி முழுக்க நித்திரை கொண்டனான் எண்டு சொல்லு” என்று சிரித்துவிட்டுப் படலையைத் திறந்தார்.

அவருக்கும் சேர்த்துக் காலைப் புட்டுக்கு மாக் குழைக்கப் போனேன்.