காற்று என்று பெயர் வைத்த கட்டம்

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும்; ஞாபகசக்தி மட்டும் கொசுவளவு. சென்னையில் ஒரு கல்லூரியில் அதைக் கட்டி மேய்ப்பது என் வேலை. மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகளுக்குத் தூண் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போடும் புரோகிராம் ஒன்று அதில் இருந்தது. எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். புரோகிராமை அவர் துளைகளாகக் குத்தி வைத்திருந்த அட்டைகளைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியது, இயந்திரத்துக்குள் இருந்ததை அப்படியே அச்சடித்த தாள்கள், முழுக்க எண்கள். புரோகிராமைத் திருத்த வேண்டுமென்றால் எந்த எண் எதற்கு என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

பொங்கல் லீவுக்குத் திண்டுக்கல் வந்தபோது அவற்றையும் தூக்கி வந்தேன். கூடத்தில் விரித்து, எண் இருக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் பென்சிலால் பெயர் வைத்தேன். தண்ணீர் எடை. தூண் உயரம். தொட்டியைத் தள்ளும் காற்றின் வேகத்துக்குக் 'காற்று'.

"ஏத்தா, நடக்க எடமில்லாம என்னத்தப் பரப்பி வச்சிருக்கே?" என்று அம்மா தாண்டிப் போனாள்.

பெயர் வைத்ததுமே எல்லாம் புரிந்துவிட்ட திமிர் எனக்கு. நாலாவது தாளில் அது இறங்கியது. இயந்திரத்தில் இடம் பற்றாமல், அதை எழுதிய மகராசன், கணக்கின் முடிவில் 'காற்று' கட்டத்திலேயே வேறொரு சின்ன எண்ணைப் போட்டுவைத்திருந்தார். ஒரே ஒரு தொட்டி என்றால் பாதகமில்லை. வரிசையாகக் கணக்குப் போட்டால் இரண்டாவது தொட்டியிலிருந்து கணக்கில் காற்றே அடிக்காது; தூண் மெலிந்துவிடும்.

நாங்கள் அப்படி வரிசையாகக் கணக்குப் போட்டுக் கொடுத்த தொட்டிகளில் குஜிலியம்பாறைப் பக்கத்துத் தொட்டி மூன்றாவது. அதைக் கட்டிய ஓவர்சியர் என் அண்ணன். வெள்ளிக்கிழமை தண்ணீர் ஏற்றுவதாக இருந்தார்கள்.

அந்தச் சின்ன எண் வேறு காலிக் கட்டத்துக்குப் போகும்படி, கட்டளையின் கடைசியில் இருந்த ஓர் எண்ணைச் சிவப்புப் பென்சிலால் மாற்றினேன். அவ்வளவுதான், புரோகிராம் சரியாகிவிட்டது.

அண்ணன் வந்ததும் சொன்னேன். சிவப்புப் பென்சிலால் எழுதிய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ அழிச்சு எழுதிட்டே பாப்பா. நான் கான்கிரீட்ட எதைக் கொண்டு அழிக்கிறது?"

"தண்ணி ஏத்தாம இருந்தாப் போதும்ண்ணே."

"பொம்பளைங்க கொடத்தத் தூக்கிக்கிட்டு எம்புட்டுத் தூரம் நடக்குறாங்கன்னு தெரியுமா ஒனக்கு?"

"தொட்டிக்குக் கீழதான் பள்ளிக்கூடம்னு நீதானே சொன்னே?"

அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் ஏற்றவிடாமல் அவன் நிறுத்திவிட்டான். இயந்திரத்தை யார் விசாரிப்பது? அண்ணனைத்தான் விசாரித்தார்கள். ஊரைவிட்டு மாற்றினார்கள், பதவி உயர்வையும் நிறுத்தினார்கள். தொட்டி கட்டியும் தண்ணீர் விடாதவன் என்று ஊர்ஜனம் அவனைத் திட்டித் தீர்த்தது. எனக்கோ, கணக்கைச் சரியாகப் படித்ததற்காக ஒரு பாராட்டு. வெட்கமாக இருந்தது.

காலியாக நின்ற அந்தத் தொட்டி எந்தக் காற்றுக்கும் அசையவில்லை. அடுத்த பொங்கலுக்கு நானும் அண்ணனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள்.

"ஏத்தா, தண்ணி ஏத்தியிருந்தா நெசமாவே விழுந்திருக்குமா?"

"தெரியலம்மா."

அண்ணன் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.