வாயில் வைத்திருந்த தண்ணீர்

அந்தச் சனிக்கிழமை எட்டாம் வகுப்பு அறையில் இருந்தவர்கள்: எங்கள் பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர். மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஒரு சார். கடப்பாக்கத்திலிருந்து இன்னொரு டீச்சர். இவர்களுக்குத் துணையாகச் செங்கல்பட்டிலிருந்து பைக்கில் வரும் தம்பி ஒருவர். டீ கொண்டுபோன நான்.

நான் அங்கே வாட்ச்மேன். கூட்டுவதும் மணி அடிப்பதும் நான்தான். பள்ளிக்கூடம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில். நான் நாலாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு கடல். முட்டி போனபிறகு இந்த வேலை.

மாதம் ஒரு சனிக்கிழமை ஏதாவது ஒரு பள்ளியில் கூடுவார்கள். ஒருவர் பாடம் நடத்துவார். மற்றவர்கள் பிள்ளைகள் மாதிரி பெஞ்சில் உட்காருவார்கள். புது மாதிரிப் பாடம். டீச்சர் பதிலைச் சொல்லக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்ன நடக்கிறது என்று பிள்ளைகள் முதலில் ஒரு படம் போட வேண்டும். அதற்கு மாடல் என்று பேர். சரி, தப்பு என்று சொல்லாமல் கேள்வி கேட்டுக் கேட்டு, அவர்களே அழித்துப் போடும்படி செய்ய வேண்டும்.

இது லேசு இல்லை. அதற்குத்தான் அந்தத் தம்பி. நிஜ வகுப்பு நடக்கும்போது பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். முடிந்ததும் மரத்தடியில் தனியாகப் பேசுவார். யாரைப் பற்றியும் மேலே எழுதிப் போடமாட்டார்.

எங்கள் டீச்சருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் பாடம் சொன்னால் வராந்தா கூட்டும் எனக்கே புரியும். இந்தப் புது மாதிரியில் அதுவே அவருக்கு வினையாகிவிட்டது.

அன்றைக்கு அவர் முறை. மண்ணைப் பற்றிக் கேட்டார்.

"கடலோரத்துல முழங்கை ஆழம் தோண்டினா நல்ல தண்ணி வருது. அதே எடத்துல இடுப்பாழம் தோண்டினா உப்பு. ஏன்?"

எங்கள் குப்பத்தில் எல்லோருக்கும் இது தெரியும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

மதுராந்தகம் சார் உடனே கையைத் தூக்கினார். புத்தகத்தில் இருப்பதை எனக்குப் புரியாத தமிழில் அப்படியே ஒப்பித்தார்.

"சார், நீங்க எட்டாங்கிளாஸ் பையன்" என்றார் தம்பி.

"பையன் டியூஷன் போறான் தம்பி."

சிரித்தார்கள். தம்பி என்னைப் பார்த்தார்.

"இவங்க எல்லாருக்கும் பதில் தெரியும். தெரியாத ஆள் வேணும். அண்ணா, நீங்க உக்காருங்க."

டீ டம்ளர்களை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். டீச்சர் என்னிடம் அதையே கேட்டார். நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

"உப்புத் தண்ணி கனம் அண்ணே, நல்ல தண்ணி லேசு, அதனால அது மேல நிக்குது. புரியுதா?"

"புரியுது டீச்சர்."

"யோசிக்க எவ்ளோ நேரம் விட்டாங்க உங்களை?" என்று தம்பி என்னைக் கேட்டார்.

மனசுக்குள் எண்ணுவது எனக்குப் பழக்கம். பாறையில் வலை மாட்டினால் முங்கி எடுப்போம். மூச்சு எவ்வளவு தாங்கும் என்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். அறையிலும் தானாக எண்ணியிருந்தேன்.

"ரெண்டு."

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். போன மாதமும் அதற்கு முந்தின மாதமும் நிஜ வகுப்பில் இப்படித்தான் ஆனதாம்.

"என்னால முடியலப்பா" என்றார் தம்பியிடம். "வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. புள்ளைங்க முழிக்கிறதப் பாத்தா பாவமா இருக்கு, சொல்லிடறேன்."

"பழகிடும் டீச்சர்."

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு புள்ள என்கிட்ட கேள்வி கேட்டதில்ல. நான் நல்லா நடத்தறதாலதான்னு நெனச்சிட்டிருந்தேன்." விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் துடைத்தார். "வியாழக்கிழமை நிஜ வகுப்பு. அன்னிக்கும் முடியலன்னா குழுவுல என் பேரை அடிச்சிடு. பழையபடி நோட்ஸ் குடுத்துட்டுப் போறேன்."

தம்பி ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தார். "அண்ணா, மண்ணுக்கடியில இன்னா நடக்குதுன்னு நீங்க போடுங்க. டீச்சர், கேள்வி மட்டும்."

நான் போட்டேன். மேலே நல்ல தண்ணீர். கீழே உப்புத் தண்ணீர். நடுவில் கெட்டியாக ஒரு கோடு. அது களிமண். கனம், லேசு என்று டீச்சர் சொன்னது சரிதான், ஆனால் களிமண் இல்லாமல் இரண்டும் கலக்காமல் எப்படித் தனியாக நிற்கும்?

டீச்சர் படத்தைப் பார்த்தார். உதடு பிரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கடப்பாக்கம் டீச்சர் முகத்தைத் திருப்பிச் சிரித்தார். கையை எடுத்தபின் எங்கள் டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"நீங்க தோண்டும்போது அந்தக் களிமண் மம்பட்டியில மாட்டிச்சா அண்ணே?"

யோசித்தேன். எத்தனையோ ஊற்று தோண்டியிருக்கிறேன். மணல், மணல், மணல்தான்.

"இல்லியே டீச்சர்."

ரப்பர் கேட்டு வாங்கிக் கோட்டை அழித்தேன். அழித்த இடம் கறுப்பாகிவிட்டது. அந்தத் தாளை டீச்சர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். என் கையால் ஒரு படம் போட்டு நாற்பது வருடம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை காலை சீக்கிரம் போய்ப் பள்ளிக்குப் பின்னால் கரையில் இரண்டு குழி தோண்டினேன். ஒன்று முழங்கை ஆழம். ஒன்று இடுப்பாழம். டீச்சர் வந்து பார்த்தார். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது.

"வாயில தண்ணி இருந்தா பேச முடியாதில்ல அண்ணே?"

"முடியாது டீச்சர்."

"கேள்வி கேட்டதும் ஒரு வாய் ஊத்திக்கப் போறேன். தம்பிகிட்ட சொல்லாதீங்க."

பிள்ளைகள் இருபத்தாறு பேர் வந்தார்கள். தம்பி கடைசியில் மணலில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, எண்ணுங்கள் என்று விரலை ஆட்டினார்.

ருசி பார்க்கத் தண்ணீர் மொண்டு வைப்பது என் வேலை. மேல்குழித் தண்ணீரைப் பிளாஸ்டிக் மக்கில் வைத்தேன். ஆழக்குழித் தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் வைத்தேன். எது எதில் என்று டீச்சரிடம் சொல்லவில்லை. தப்பு என்னுடையது.

பிள்ளைகள் விரலால் தொட்டு நக்கினார்கள். துப்பினார்கள். படம் போட்டார்கள். முக்கால்வாசிப் பேர் என்னைப் போலவே நடுவில் கோடு போட்டார்கள். பாறை என்றான் ஒருவன். சிமெண்ட் என்றான் இன்னொருவன்.

"டேய், மண்ணுக்குள்ள போய் எவன்டா சிமெண்ட் பூசுவான்? உங்க மாமனா?"

"எங்க மாமன் கொத்தனார்தான்டா, இன்னா இப்போ?"

டீச்சர் வழக்கமாக அதட்டியிருப்பார். வாயில் தண்ணீர் இருந்தது. அவர்களே அடங்கினார்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். பதில் வந்ததும் விழுங்கினார். நான் எண்ணினேன். ஐந்து வந்தது. ஏழு வந்தது. பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். ஆனால் எல்லாம் எப்போதும் பேசுகிற பிள்ளைகள்.

வெயில் ஏறியது. டீச்சர் ஆழக்குழி ஓரமாகப் போய் நின்றார்.

"எல்லாரும் நடுவுல ஒரு கோடு போட்டிருக்கீங்க. இந்தக் குழியில அந்தக் கோடு எங்க இருக்கு?"

கேட்டுவிட்டுப் பாட்டிலைத் தூக்கினார். காலி. பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து வாய் நிறைய ஊற்றிக்கொண்டார்.

நான் பார்த்தேன். முகம் சுருங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தக் கரிப்பு எனக்குத் தெரியும். மூக்கு வரைக்கும் ஏறும்.

துப்பிவிடுவார் என்று நினைத்தேன். துப்பினால் பேசுவார். பேசினால் சொல்லிவிடுவார். அவருக்கும் அது தெரிந்திருக்கும். புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிள்ளைகள் குழியைச் சுற்றிக் குனிந்து பார்த்தார்கள். யாரும் பேசவில்லை. எட்டு வந்தது. பத்து வந்தது. தம்பி மணலிலிருந்து பாதி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். ஒரு பெண் குழியில் இறங்கினாள். வலை பின்னும் வீட்டுப் பெண். வகுப்பில் பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாளே தவிர பேசமாட்டாள். மூன்று வருடமாக நான் அவள் குரலைக் கேட்டதில்லை. குழியின் சுவரைக் கையால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே போனாள். அடிவரைக்கும் தடவினாள்.

"கோடே இல்ல டீச்சர்" என்றாள். "எல்லாம் மணலுதான். நல்ல தண்ணி சும்மா உப்புத் தண்ணி மேல குந்திகினு கீது."

டீச்சர் தலையை ஆட்டவில்லை. சரி என்றும் காட்டவில்லை. அப்படியே நின்றார்.

அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

"அப்போ நாம எறைச்சிகினே இருந்தா மேல கீறது தீந்துட்டு, உப்பு மேல வந்துடுமா டீச்சர்?"

டீச்சர் திரும்பி மணலில் துப்பினார். இருமினார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எனக்குச் சொல்லத் தெரியாது. எப்படிப் பாக்கலாம், நீயே சொல்லு" என்றார். அந்தப் பெண் மக்கை எடுத்து மேல்குழியில் இறைக்க ஆரம்பித்தாள். மற்றவர்களும் போனார்கள்.

நான் குடத்திலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாய் கொப்பளித்தார்.

"டம்ளர்ல என்ன தண்ணி வச்சீங்க அண்ணே?"

"ஆழக்குழி தண்ணி டீச்சர்."

"தெரிஞ்சுது."

அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை.

தம்பி பேண்ட்டில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே வந்தார். அவர் வாயைத் திறக்குமுன் டீச்சர் கேட்டார்.

"அடுத்த மாசச் சனிக்கிழமை எந்த ஸ்கூல்ல?"

"கடப்பாக்கம் டீச்சர்."

"பஸ் எத்தனை மணிக்கு இருக்குன்னு கேட்டு வை. பேரை அடிச்சிடாதே."

"அடிக்கல டீச்சர்." தம்பி நோட்டைப் பிரித்து என் பக்கம் திரும்பினார். "அண்ணா, கடைசியா எவ்ளோ வந்துச்சு?"

டீச்சரும் என்னைப் பார்த்தார்.

பத்தொன்பது.